கட்டுப்போட்ட காலுக்கும் பசிக்கும்: உங்களுக்குத் தெரியுமா?

◆ கண்டி தேசிய வைத்தியசாலை வாசலில், பகல் பார்வையாளர் நேரத்துக்குச் சற்று முன்னால் நின்று பாருங்கள். ஆளுக்கொரு சாப்பாட்டுப் பை. பிரசவ விடுதிக்குப் போகிற பையில் கோழி ரசமும் முட்டையும் இருக்கும். கால் முறிந்து கிடப்பவருக்குப் போகிற பையில் பெரும்பாலும் கஞ்சிதான். கேட்டால், “படுத்துத்தானே கெடக்காரு, எதுக்கு அம்புட்டுச் சோறு?” என்று நியாயம் சொல்வார்கள். ஆனால் அதிகம் ஓடியாடாத ஒருவர் ஒரு நாளில் செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இதயம், மூளை, ஈரல், சிறுநீரகம், மூச்சு, உடல் வெப்பம் இவற்றுக்கே போய்விடுகிறது. கால் அசையாவிட்டாலும் இந்தச் செலவு நிற்பதில்லை. முறிந்த எலும்பை ஒட்டவைக்கிற வேலையும் அதன்மேல் சேர்ந்துகொள்கிறது.

◆ படுத்திருக்கும் உடம்பின் இந்த அடிப்படைச் செலவைக் கணக்கிட உலகம் இன்றும் கைக்கொள்ளும் சமன்பாடுகளில் ஒன்று நூறு வயதைத் தாண்டியது. அமெரிக்காவில் ஜேம்ஸ் ஆர்தர் ஹாரிஸும் பிரான்சிஸ் பெனடிக்ட்டும் 136 ஆண்களையும் 103 பெண்களையும் அளந்து 1919இல் வெளியிட்டார்கள். ஹாரிஸ் வைத்தியர் அல்லர், தாவரவியலாளர்! 1990இல் வந்த மிஃப்லின்–செயின்ட் ஜோர் சமன்பாடு இன்னும் எளிது: கிலோவில் நிறையைப் பத்தால் பெருக்குங்கள், சென்ரிமீற்றரில் உயரத்தை 6.25ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். வயதை ஐந்தால் பெருக்கிக் கழியுங்கள். ஆணென்றால் 5 கூட்டுங்கள், பெண்ணென்றால் 161 கழியுங்கள்.

◆ சமன்பாடு எளிது, விடைதான் சிக்கல். ஹந்தானைப் பக்கம் கொழுந்து பறிக்கும் ஓர் அக்காவை எடுத்துக்கொள்வோம். வயது 42, உயரம் 148 சென்ரிமீற்றர், நிறை 45 கிலோ. மழைநாளில் சறுக்கி விழுந்து கணுக்காலுக்கு மேல் எலும்பு முறிந்துவிட்டது. 1990ஆம் ஆண்டுச் சமன்பாட்டின்படி அவருடைய அடிப்படைத் தேவை 1,004 கலோரி. 1919ஆம் ஆண்டுச் சமன்பாட்டில் அதுவே 1,163. அமெரிக்காவில் லாங் குழுவினர் 1979இல் சொன்ன பெருக்கல் முறையும் இருக்கிறது. படுக்கையில் இருந்தால் 1.2ஆலும், எலும்புக் காயத்துக்காக மீண்டும் 1.35ஆலும் பெருக்க வேண்டும். பழைய சமன்பாட்டோடு இதைச் சேர்த்தால் 1,884 கலோரி. “கிலோவுக்கு 25 முதல் 30” என்று வைத்தியர்கள் மனக்கணக்காகச் சொல்வதைப் பிடித்தால் 1,125க்கும் 1,350க்கும் இடையில் நிற்கிறது. ஒரே அக்கா, ஒரே கால், எழுநூறு கலோரிக்கும் மேல் வித்தியாசம்.

இதில் எதை நம்புவது? 1979இன் பெருக்கல் எண்கள் தேவையை மிகைப்படுத்துகின்றன என்பதே பின்னால் வந்தவர்களின் கருத்து. இப்போது தனி எலும்பு முறிவுக்கு 1.1 அல்லது 1.2 போதும் என்கிறார்கள். அப்படிப் பார்த்தால் இந்த அக்காவுக்கு 1,400 – 1,600 கலோரி நல்ல தொடக்கம். மலையில் கூடை சுமந்த நாட்களில் அவருக்கு 1,800 முதல் 2,100 வரை வேண்டியிருந்தது. படுத்ததால் குறைந்தது நாலில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டார் குறைப்பதோ பாதிக்கும் மேல். மூன்று கிண்ணம் கஞ்சி, இரண்டு வாழைப்பழம், சீனி போட்ட நாலு பிளேன்டீ எல்லாம் சேர்ந்தும் எழுநூறு கலோரியைத் தாண்டாது. புரதம் பத்துக் கிராம் தேறினால் அதிசயம்.

◆ வெப்பநாட்டு மக்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 1985இல் ஏற்றுக்கொண்ட சமன்பாடுகளுக்கு ஆதாரமான தரவில் ஏறக்குறைய பாதிப் பேர் இத்தாலியர்கள். நம்மவர்களுக்கு அவை கொஞ்சம் கூடுதலாகவே காட்டும் என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். ஆகவே கைத்தொலைபேசிச் செயலி “உமக்கு 2,137 கலோரி” என்று கடைசி இலக்கம்வரை சொன்னால், அந்த 37ஐத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

◆ அடிபட்ட உடம்பு தன் தசையையே எரிக்கிறது என்பதைக் கண்டு சொன்னவர் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவில் இருந்த டேவிட் கத்பேட்சன். கால் எலும்பு முறிந்தவர்களின் சிறுநீரில் நைட்ரசன் அளவுக்கு மீறி வெளியேறுவதை 1930களின் தொடக்கத்தில் அவர் அளந்தார். ஒரு கிராம் நைட்ரசன் போனால் 6.25 கிராம் புரதம் போனதாக அர்த்தம்; தசைக் கணக்கில் அது ஏறத்தாழ 30 கிராம். அடிபட்ட மறுநாளே இது உச்சத்துக்குப் போவதில்லை. முதல் ஓரிரு நாள் உடம்பு அடங்கிக் கிடக்கும். அதன் பிறகுதான் எரிப்பு ஏறி, முதல் வாரத்தில் உச்சம் தொடும். “ரெண்டு நாள்ல பசி வந்துடுச்சு, இனிச் சரியாயிடும்” என்று வீட்டார் நிம்மதிப்படுகிற நேரத்தில்தான் செலவு கூடிக்கொண்டிருக்கும்.

◆ காய்ச்சல் ஒரு பாகை செல்சியஸ் ஏறினால் அடிப்படைச் செலவு பத்து வீதத்துக்கு மேல் ஏறும். புண்ணில் கிருமி பிடித்தால் காலைக் கணக்கு மாலைக்கு உதவாது.

◆ சக்தியை விடப் புரதமே இங்கே அவசரம். ஆரோக்கியமானவருக்குக் கிலோவுக்கு 0.8 கிராம் போதும் என்பார்கள். காயம் ஆறும்போது 1.2 முதல் 1.5 கிராம் வரை வேண்டும். அந்த 45 கிலோ அக்காவுக்கு நாளொன்றுக்கு 54 முதல் 68 கிராம். பெட்டி பெட்டியாகப் புரத மா வாங்கினால்தான் முடியும் என்று நினைக்காதீர்கள். இரண்டு முட்டை 12 கிராம். உள்ளங்கையளவு மீன் துண்டு 16. கெட்டியாகக் கடைந்த பருப்பு ஒரு கோப்பை 12. பால் ஒரு குவளை 8. மூன்று கோப்பைச் சோற்றில் 12. கூட்டினால் 60 வந்துவிடுகிறது. இதோடு தேங்காய்ப்பால் விட்ட மரக்கறி ஒன்று, கொஞ்சம் சம்பல், ஒரு பழம், தேநீர் என்று சேர்த்தால் கலோரியும் 1,500ஐ எட்டிவிடும். மீன் இல்லாத நாளில் சோயா மீட் கைகொடுக்கும். அதன் உலர்ந்த நிறையில் பாதி புரதம். காய்ந்த நெத்தலியில் பாதிக்கும் மேல். உப்பை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பிரஷர் உள்ளவர்கள் நெத்தலியை நன்றாக ஊறவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைக்கட்டும்.

பருப்பைப் பற்றி ஒரு சொல். ஹோட்டல் பார்சலில் வருகிற மஞ்சள் தண்ணீரைப் பருப்பென்று கணக்கில் எழுதாதீர்கள். அகப்பையை நிமிர்த்தினால் வழியாமல் நிற்க வேண்டும்.

◆ முறிவு நெரிவு வைத்தியரிடம் கட்டுப்போட்டவர்கள் வீட்டில் பத்தியம் தொடங்கிவிடும். தக்காளி கூடாது, கத்தரிக்காய் கூடாது, முட்டை சூடு, மீன் சீழ் பிடிக்கும், கருவாடு ஆகவே ஆகாது. பரம்பரையாக வருகிற எண்ணெயையும் பத்தையும் பற்றி இங்கே வழக்காட வரவில்லை. கத்தரிக்காயை விட்டால் ஒரு நட்டமும் இல்லை. முட்டை, மீன், கருவாடு மூன்றையும் ஒன்றாக நிறுத்திவிட்டால் அந்த 60 கிராமில் பாதி போய்விடும். பத்தியம் காத்தே தீரவேண்டும் என்றால் பருப்பு, சோயா, பால், தயிர், கடலை, கௌபி ஆகியவற்றைக் கூட்டுங்கள். “இதெல்லாம் சாப்பிடலாமா?” என்று கட்டுப் போடுகிறவரிடமே கேளுங்கள். பலர் ஆம் என்றே சொல்வார்கள். கூடாது என்ற பட்டியலை நீட்டுவது பெரும்பாலும் பக்கத்து வீடு.

◆ ஐந்தே ஐந்து நாள்! ஆரோக்கியமான இளைஞர்களின் ஒரு காலை ஐந்து நாள் அசையாமல் கட்டி வைத்து நெதர்லாந்தில் அளந்து பார்த்தார்கள். தொடைத் தசையின் குறுக்களவு 3.5 வீதமும் வலு 9 வீதமும் குறைந்திருந்தன. முதியவர்கள் பத்து நாள் படுக்கையில் இருந்தால் இரண்டு கால்களிலும் சேர்த்து ஏறக்குறைய ஒரு கிலோ தசை போகும் என்பது அமெரிக்க ஆய்வொன்றின் முடிவு. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்த ஆச்சிக்கு மூன்று வேளையும் மாரி பிஸ்கட் ஊறவைத்துக் கொடுக்கும் பேரப்பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

◆ நாற்பதுக்கு மேல் சீனி வியாதி இல்லாத ஆள் கண்டியில் குறைவு என்று சொல்லுமளவுக்கு கிளினிக் வரிசை நீண்டிருக்கிறது. காயத்தின் அழுத்தத்தில் இரத்தச் சீனி ஏறும். அதைப் பார்த்துப் பயந்து சாப்பாட்டை வெட்டுவது தவறான வழி. மருந்தைத்தான் மாற்ற வேண்டும், அதையும் வைத்தியர்தான் மாற்ற வேண்டும். வீட்டில் வெட்டலாம் என்றால் பிளேன்டீச் சீனியை வெட்டுங்கள். இரண்டு கரண்டி வீதம் ஐந்து தரம் குடித்தால் 160 கலோரிக்கு மேல் ஆகிறது. அதில் புரதம் ஒரு துளியும் இல்லை.

◆ கண்டி ஏறியிறங்க வேண்டிய ஊர். வாவிக் கரையிலிருந்து மேட்டு வீட்டுக்கு நூறு மீற்றர் உயரம் ஏறினால் எவ்வளவு கலோரி போகும் என்று நினைக்கிறீர்கள்? 60 கிலோ ஆளுக்கு, தசையின் வினைத்திறனை நாலில் ஒன்றென்று வைத்துக் கணக்கிட்டால், மேலேறும் வேலைக்கு மட்டும் சுமார் 56. ஒரு துண்டுப் பாணுக்கும் குறைவு! வாவியைச் சுற்றி முழுதாக நடந்தால், அதாவது மூன்று கிலோமீற்றருக்குச் சற்று மேல், 150 முதல் 190 வரை. ஊன்றுகோல் வந்ததும் கதை மாறுகிறது. ஒரு காலை நிலத்தில் ஊன்றாமல் இரண்டு ஊன்றுகோலில் போகிறவருக்கு அதே தூரத்துக்குச் செலவு ஏறத்தாழ இருமடங்கு. வாசற்படிக்கு வருவதற்குள் மூச்சு வாங்குவது பலவீனத்தால் மட்டுமல்ல.

ஆனாலும் அவர் ஒரு நாளில் நடக்கிற தூரம் எவ்வளவு? கட்டிலிலிருந்து குளியலறைக்கும் முன்விறாந்தைக்கும். மொத்தச் செலவு குறைவாகத்தான் இருக்கும். முழங்காலுக்குக் கீழே காலை இழந்து செயற்கைக் கால் போட்டவர்கள் கணக்கும் இப்படித்தான்: தூரத்துக்குத் தூரம் கால்வாசி அதிகம், முழங்காலுக்கு மேலே என்றால் பாதிக்கும் மேல் அதிகம். அவர்கள் தாமாகவே வேகத்தைக் குறைத்து அதைச் சமாளித்துக்கொள்வார்கள்.

◆ அரை மணி நேர இயன்மருத்துவப் பயிற்சிக்கு 60 கிலோ ஆளிடமிருந்து போவது சுமார் 75 கலோரி, ஒரு முட்டையளவு. “பிசியோ செய்த களைப்புக்கு ஒரு கொத்து” என்பது களைப்புக்கு வேண்டுமானால் நியாயம், கணக்குக்கு அல்ல. பயிற்சி முடிந்த கையோடு அந்த முட்டையைச் சாப்பிட்டால் தசைக்கு நல்லது.

◆ றக்பி ஊர் இது. நித்தவெல மைதானத்தில் கண்டி கழகம், திரித்துவக் கல்லூரிக்கும் கொழும்பு றோயலுக்கும் 1945 முதல் நடக்கும் பிரட்பி கேடயம். முழங்கால் நாண் அறுந்து சத்திரசிகிச்சைக்குப் போகிற பையன்களும் குறைவில்லை. 18 வயது, 85 கிலோ, 178 சென்ரிமீற்றர் உள்ள முன்வரிசை வீரருக்கு அடிப்படை மட்டும் 1,878 கலோரி. விளையாட்டுக் காலத்தில் அதை 1.9ஆல் பெருக்க வேண்டும், சுமார் 3,570. ஊன்றுகோலில் இருக்கும்போது 1.4ஆல் பெருக்கினால் 2,630. ஒரே வாரத்தில் 900 கலோரிக்கு மேல் சரிவு! அம்மா பழைய அளவையே போட்டுக்கொண்டிருந்தால் ஒரு கிலோ கொழுப்பு சேர ஒன்பது நாள்கூட ஆகாது. ஒரு கிலோ கொழுப்பென்பது சுமார் 7,700 கலோரி. பயந்துபோன பையன் 1,500க்கு இறக்கினாலோ, தொடைத் தசை இன்னும் வேகமாகக் கரையும். சோற்றையும் குளிர்பானத்தையும் குறைத்து, மீனையும் முட்டையையும் அப்படியே விட்டுவைப்பதுதான் வழி.

◆ கூடத் தேவைப்படும், கூடத் தேவைப்படும் என்றே சொல்லிவந்தோம். குறையத் தேவைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். பலா, கித்துள், கமுகு என்று மரம் ஏறுகிற மாவட்டம் இது. விழுந்து முள்ளந்தண்டில் அடிபடுவதும் நடக்கிறது. முதல் கட்டச் சிகிச்சைக்குப் பின் பயிற்சிக்காக திகன புனர்வாழ்வு வைத்தியசாலை போன்ற இடங்களுக்குப் போகிறார்கள். இடுப்புக்குக் கீழே இயக்கம் இழந்தவருக்குக் கிலோவுக்கு ஏறத்தாழ 28 கலோரி, கை கால் நான்கும் இயங்காதவருக்கு 23 என்பது புனர்வாழ்வுக் கட்டத்துக்கான வழிகாட்டல். 60 கிலோவுக்கு முறையே 1,680, 1,380. முதல் வாரங்களில் நிறை இறங்குவதைப் பார்த்துக் கலங்கி, நெய்யும் மாப்பாலுமாகத் திணிப்பார்கள். இறங்குவது இயக்கமற்ற காலின் தசை; திணிப்பதால் அது திரும்பாது. ஏறுவது வயிற்றுக் கொழுப்புத்தான். பிறகு கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு அவரைத் தூக்கி வைக்கும் மனைவியின் முதுகுக்கும் சேர்த்துத்தான் அந்தச் சுமை.

◆ படுக்கைப் புண் வந்துவிட்டால் கணக்கு மறுபடி மேலே போகும்: கிலோவுக்கு 30–35 கலோரி, புரதம் 1.25–1.5 கிராம்.

◆ நிற்க முடியாதவரின் உயரத்தை எப்படி எடுப்பது? தையற்காரரின் நாடா போதும். கையைத் தோளுக்கு நேரே பக்கவாட்டில் நீட்டச் சொல்லுங்கள். கழுத்துக்குக் கீழே நெஞ்செலும்பின் மேல் விளிம்பில் ஒரு குழி தெரியும்; அங்கே நாடாவின் நுனியை வைத்து நடுவிரல் நுனிவரை இழுங்கள். வந்த அளவை இரட்டித்தால் உயரம் கிட்டத்தட்டக் கிடைக்கும். நல்ல கையில் எடுக்க வேண்டும், கட்டுப்போட்ட கையில் அல்ல. எப்போதோ சொன்ன உயரத்தை விட இது நம்பகமானது.

◆ தராசும் ஏமாற்றும். முழுக்கால் மாவுக்கட்டே ஒன்றிரண்டு கிலோ இருக்கும். வீக்கத்தில் தங்கிய நீர் இன்னும் சில கிலோ. காலை இழந்தவரென்றால் மறுபக்கம் பார்க்க வேண்டும்: ஒரு முழுக்கால் உடல் நிறையில் சுமார் 16 வீதம், முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதி 6 வீதம். இதைச் சேர்க்காமல் “மெலிந்துவிட்டார்” என்று முடிவுகட்டக் கூடாது.

◆ காயங்களிலெல்லாம் அதிகம் தின்பது தீக்காயம். 1970களில் வந்த கரேரி சூத்திரம், நிறையை 25ஆலும் வெந்த பரப்பின் வீதத்தை 40ஆலும் பெருக்கிக் கூட்டச் சொன்னது. 45 கிலோ ஆளுக்கு 20 வீதம் வெந்திருந்தால் 1,925 கலோரி. இன்றைய சிகிச்சையில் இது கூடுதல் என்று குறைத்துக்கொள்கிறார்கள். இலங்கையில் மண்ணெண்ணெய்ப் போத்தல் விளக்கு கவிழ்ந்து எத்தனையோ பேர் வெந்தார்கள். கவிழாத, பாதுகாப்பான குட்டி விளக்கை உருவாக்கிய சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புரவுக்கு 1998இல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது.

◆ உடம்பைப் பட்டினியிலிருந்து மீட்க எவ்வளவு வேண்டும்? 1944–45இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஏன்சல் கீஸ் 36 தொண்டர்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார். மீட்பின்போது நாளுக்கு 4,000 கலோரி அளவுக்குப் போனால்தான் உடம்பு தேறியது. சாப்பாட்டைக் கூட்டாமல் விற்றமின் மாத்திரை மட்டும் கொடுத்ததில் பயன் கிடைக்கவில்லை. விற்றமின் போத்தலோடு நோயாளி பார்க்கப் போகிறவர்கள் கவனிக்க.

ஆனால் எச்சரிக்கை. பல நாள் ஒன்றுமே உண்ணாமல் கிடந்தவருக்குத் திடீரென்று முழுச் சாப்பாடு கொடுத்தால் இரத்தத்தில் பொஸ்பேற், பொற்றாசியம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இரண்டாம் உலகப் போரின் முடிவில் விடுவிக்கப்பட்ட கைதிகளிடம் இதைக் கண்டார்கள். அத்தகையவர்களுக்கு வைத்தியசாலையில் கிலோவுக்குப் பத்துக் கலோரி அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். இது வீட்டில் செய்கிற வேலையே இல்லை.

◆ கந்தசஷ்டி விரதமும் நோன்பும் காயம் ஆறும் மாதங்களில் குறுக்கிடும். நோயாளிக்கு நோன்பிலிருந்து சலுகை மார்க்கத்திலேயே இருக்கிறது. முருகனும் ஒரு வருடம் பொறுத்துக்கொள்வார் என்றே நினைக்கிறேன்.

◆ போட்ட கணக்கு சரியா என்று சொல்வது அடுத்த இரண்டு வாரம். ஒரே தராசு, ஒரே நேரம், ஒரே அளவு உடுப்பு. வீக்கம் வடிந்த பிறகும் நிறை வாரத்துக்கு அரைக்கிலோ இறங்கினால் நாளொன்றுக்கு 200, 300 கலோரி கூட்டுங்கள். ஏறிக்கொண்டே போனால் அதேயளவு குறையுங்கள், புரதத்தில் கைவைக்காமல். மாவுக்கட்டு வெட்டும்போது ஒரு தரம், ஊன்றுகோலை விடும்போது ஒரு தரம், வேலைக்குத் திரும்பும்போது ஒரு தரம் புதிதாகக் கணக்குப் போட வேண்டும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மேலே சொன்ன புரத அளவை வைத்தியரைக் கேட்காமல் தொடவே கூடாது. அடுத்த முறை எலும்பு கிளினிக்குக்குப் போகும்போது எக்ஸ்ரேயோடு திரும்பிவிடாதீர்கள். நிறையையும் எடுத்துக் கிளினிக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள்.